விதைநெல்லும் வெளியூர்ப் பணமும்

மழை பெய்யாத ஆண்டைக் குறிக்க நம் மொழியில் வழங்கும் சொல் தனித்தன்மை உடையது. மழை தவறியது என்கிறோம். அதனினும் மிகுதியாக, மழை பொய்த்தது என்கிறோம். பொய்த்தல் என்பது வாக்குக் கொடுத்தவர் செய்யும் செயல். வானம் உழவனுக்கு ஒரு வாக்கு அளித்திருந்தது, அதனை நம்பியே அவன் குலுக்கையில் இருந்த நெல்லை எடுத்துப் புழுதியில் தூவினான் என்பதையெல்லாம் அந்த ஒரு சொல் உணர்த்திவிடுகிறது. நம்பிக் கெட்டவன் அடுத்து என்ன செய்கிறான் என்பதைப் பற்றி மட்டும் நாம் அதிகம் பேசுவதில்லை. ஊரை விட்டு வந்து, குழாயில் நீர் வரும் நகரங்களில் குடியிருக்கும் நமக்கு, வறட்சி என்றால் வெடித்த நிலமும் ஒட்டிய வயிறுமாகவே மனக்கண்ணில் தோன்றும். ஊரில் இருப்போர் காணும் வறட்சி வேறு. அவர்களுக்கு அது எதை முதலில் விடுவது, எதை இறுதிவரை விடாமல் பற்றிக்கொள்வது என்ற கணக்கு. அந்தக் கணக்கில் நமக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை எடுத்துரைக்கவே இக்கட்டுரை.

நாம் பிறந்து வளர்ந்தது இராமநாதபுரம் மாவட்டத்துக் கண்மாய்ப் பாசன ஊர்களுள் ஒன்றில். அரசு ஊழியரைத் தண்டிக்க எண்ணினால் 'தண்ணியில்லாக் காட்டுக்கு' மாற்றுவார்கள் என்று வேடிக்கையாகச் சொல்வார்களே, அந்தக் காடு நம்முடையதுதான். ஆயினும் மழையின் அளவைப் பார்த்தால் வியப்பே மிஞ்சும். அம்மாவட்டத்தின் சராசரி ஆண்டு மழை 800 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். தில்லிப் பட்டணத்தின் மழையும் ஏறத்தாழ அவ்வளவே. குறை அளவில் இல்லை, காலத்தில் இருக்கிறது. அந்த மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில், ஐப்பசியிலும் கார்த்திகையிலும் சில நாள்களில் கொட்டித் தீர்ந்துவிடும். அந்தச் சில நாள்களின் நீரை வரத்துக்கால் வழியே கொண்டுவந்து, கரை எழுப்பித் தேக்கி, மிஞ்சியதைக் கலுங்கு வழியே அடுத்த கண்மாய்க்கு விட்டு, மடை திறந்து தை வரையில் பாய்ச்சுவதே நம் முன்னோர் கண்ட வழி. அந்தச் சில நாள்கள் வாராமல் போனால் ஆண்டு முழுவதும் போயிற்று.

இப்படிப்பட்ட மண்ணில் வாழ்பவன் வறட்சி வந்த பின்னர் விழித்துக்கொள்பவன் அல்லன். வருமுன்னரே பாதி ஏற்பாட்டைச் செய்து வைத்திருப்பான். கண்மாய் நிறையட்டும் என்று காத்திராமல் ஆவணி, புரட்டாசியிலேயே காய்ந்த புழுதியில் நெல்லை விதைத்துவிடுவது அவற்றுள் ஒன்று. முதல் மழையிலேயே முளைத்துக்கொள்ளும் பயிர், கண்மாய் நீரை எதிர்பார்க்கும் நாள்களைக் குறைத்துக்கொள்கிறது. சித்திரைக்கார், குழியடிச்சான் போன்ற நெல்வகைகளை இப்பக்கத்தார் போற்றி வந்ததும், பரமக்குடி வேளாண் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 2009-இல் வெளிவந்த அண்ணா 4 என்னும் நெல்லை ஏற்றதும், விளைச்சல் ஒன்றையே கருதி அன்று. வறண்ட நாள்களைத் தாங்கும் வலிமை கருதியே. மேட்டு நிலத்தில் குதிரைவாலி, ஓரத்தில் மிளகாய் என்று பிரித்துப் பயிரிடுவதும் அப்படியே. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற முண்டு மிளகாய், நெல் கருகிய ஆண்டிலும் ஓரிரு மழையில் எதையேனும் தந்துவிட்டுப் போகும். வரப்பில் பனை, கொட்டிலில் பசு, பட்டியில் ஆடு, வீட்டின் பின்னே வைக்கோற்போர்: இவையெல்லாம் உழவனுடைய வங்கிக் கணக்குகள். வங்கி என்று எழுதாமல் வைத்திருந்தான், அவ்வளவே.

மழை பொய்த்தது உறுதியாகிவிட்டால் இந்தக் கணக்குகள் ஒரு முறைப்படி ஒவ்வொன்றாகத் திறக்கப்படும். கதிர் பிடிக்காமல் காய்ந்த நெற்பயிரை அறுத்து மாட்டுக்குப் போடுவார்கள். விளைச்சல் போனாலும் தீவனம் போகக்கூடாது. அடுத்து வீட்டின் உலை குறையும். விருந்து, திருவிழா, காதுகுத்து எல்லாம் அடுத்த ஆண்டுக்குத் தள்ளப்படும். பின்னர் ஆடுகள் சந்தைக்குப் போகும். தை பிறந்ததும் பனையில் பாளை சீவத் தொடங்குவார்கள், கருப்பட்டி காய்ச்சுவார்கள், பெண்கள் ஓலை முடைவார்கள். தரிசாய்க் கிடக்கும் புஞ்சையில் மண்டிய சீமைக் கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுவார்கள். நிலத்தைக் கெடுக்கிறது, அகற்றவேண்டும் என்று நீதிமன்றம் வரையில் வழக்குப் போன மரம் அது. ஆயினும் வறட்சி ஆண்டில் எத்தனையோ வீடுகளின் அடுப்பு அந்த முள்ளால்தான் எரிகிறது என்பதும் உண்மை. அதன் பின்னர் நகை அடகுக்குப் போகும். ஓர் ஆள் வேலை தேடி வெளியூருக்குப் புறப்படுவான்.

இதுவரை சொன்னவற்றுக்கெல்லாம் ஒரு பொதுத்தன்மை உண்டு. இவை மீளக்கூடியவை. ஆடு இரண்டே ஆண்டில் பெருகிவிடும், வெட்டிய கருவேலம் தானே தழைக்கும், நகையை மீட்கலாம், போன ஆள் திரும்பலாம். இவற்றுக்கு அப்பால் ஒரு கோடு இருக்கிறது. கோட்டுக்கு அப்பால் இருப்பவை கறவைப் பசு, விதைநெல், நிலம் ஆகிய மூன்று. பழைய நாளில் உழவுமாடும் அவற்றோடு சேரும். இவை போனால் மழை திரும்பினாலும் வாழ்வு திரும்பாது. உழவுக் குடும்பத்தின் அறிவு முழுவதும் அந்தக் கோட்டைத் தாண்டாமல் எத்தனை மாதம் தாக்குப் பிடிப்பது என்பதில்தான் அடங்கியிருக்கிறது.

2016-ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவம் தமிழகத்தை முற்றாகக் கைவிட்டது. இயல்பாகப் பெய்ய வேண்டிய 440 மில்லிமீட்டருக்கு 168 மில்லிமீட்டரே பெய்தது. நூறு பங்கில் 62 பங்கு குறைவு. 2017 சனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று மாநில அரசு அறிவித்தது. அந்த மார்கழியில் நம் சிற்றப்பாவோடு தொலைபேசியில் பேசியது நினைவில் நிற்கிறது.

"சித்தப்பா, சாப்பாட்டுக்கு என்ன பண்றீங்க?" என்று கேட்டோம்.

"ரேசன் அரிசி இருக்குல்ல தம்பி. மனுசன் எதையாச்சும் தின்னு கெடந்துருவான். ஆட்டையெல்லாம் கொடுத்தாச்சு. பசுவையும் கிடேரியையும் கொடுக்கல. அதுக்குத்தான் வைக்கோலுக்கு ஒரு வழி பார்க்கணும்" என்றார்.

நாம் வயிற்றைப் பற்றிக் கேட்டோம். அவர் கொட்டிலைப் பற்றி விடை சொன்னார். அந்த விடையில் இரண்டு செய்திகள் இருந்தன. தமிழகத்தில் 2011 முதல் குடும்ப அட்டைக்கு விலையின்றி வழங்கப்பட்டு வந்த அரிசி, பட்டினிச் சாவு என்னும் பழைய அச்சத்தைப் பெரும்பாலும் அகற்றிவிட்டது. ஆனால் அரிசிக் கடை மனிதனுக்குத்தான். மாட்டுக்கு அட்டை இல்லை. நெல் விளையாத ஆண்டில் வைக்கோலும் விளையாது. வழக்கமாக வைக்கோல் வரும் காவிரிப் படுகையிலும் அந்த ஆண்டு சம்பா கருகிப்போயிற்று. ஆகவே வயிறு ஓரளவு காக்கப்பட்ட நாளிலும் பிழைப்பு காக்கப்படாமலே நின்றது.

பசுவை விற்றுவிட்டு மழை பெய்த பின்னர் வேறொன்று வாங்கிக்கொள்ளலாமே என்று கேட்கத் தோன்றும். வறட்சியின் கொடுமை அங்கேதான் இருக்கிறது. மழை ஒரு வீட்டுக்கு மட்டும் பொய்ப்பதில்லை. வட்டாரம் முழுவதற்கும் பொய்க்கிறது. ஒரே வாரத்தில் ஊரிலுள்ள அனைவரும் மாட்டைச் சந்தைக்கு ஓட்டினால் விலை சரிகிறது. வாங்குபவன் அடிமாட்டு வணிகனாகவே இருப்பான். மறு ஆண்டு மழை பெய்ததும் எல்லாரும் மாடு தேடிப் புறப்படுவர்; விலை ஏறிவிடும். இரண்டு பசு விற்ற பணத்தில் ஒன்றைக்கூட மீட்க இயலாத நிலை அப்படித்தான் வருகிறது. நிலத்துக்கும் இதே விதி. கோடையில் ஒத்திக்கு வைத்த வயலை ஐப்பசியில் மீட்க எவனிடம் பணம் இருக்கும்?

இந்த உண்மையை நம் பழம்புலவர்கள் அறிந்திருந்தனர். புறநானூற்றில் அதியமான் எழினி போரில் மாண்டபோது அரிசில்கிழார் கூற்றுவனை இடித்துரைக்கும் பாட்டு ஒன்று உண்டு. தன் விதையைத் தானே உண்டுவிட்ட, வீழ்ந்துபட்ட குடியைச் சேர்ந்த உழவனுக்குப் புலவர் எமனை ஒப்பிடுகிறார். விதையை உண்டவன் இன்றைய பசியைத் தீர்த்துக்கொண்டான். நாளைய விளைச்சல் முழுவதையும் இழந்தான் என்பது உவமையின் பொருள். ஈராயிரம் ஆண்டுகளாக நம் இலக்கியத்தில் இருக்கும் இச்செய்தியை அண்மைக் கால ஆய்வாளர்களும் வேறு வழியில் கண்டனர். பொருளியலறிஞர் என். எஸ். ஜோதா இராசத்தானத்து வறட்சிகளை ஆராய்ந்து 1975-இல் எழுதியபோது, உழவர் வீடுகள் உணவைச் சுருக்கியேனும் உற்பத்திக்கு வேண்டிய உடைமைகளைக் காக்க முயல்வதை எடுத்துக்காட்டினார். சூடான் நாட்டு டார்ஃபரில் 1984-85-இல் நேர்ந்த பஞ்சத்தை ஆராய்ந்த அலெக்ஸ் டி வால் என்பவரும், 1989-இல் வெளியிட்ட நூலில், மக்கள் தம் பிழைப்பின் வேரைக் காப்பதற்காகப் பசியை அறிந்தே ஏற்றனர் என்று காட்டினார். மொழியும் மதமும் மண்ணும் வேறு, கணக்கு ஒன்றே.

ஆயின் இந்தப் பசியை வீட்டில் ஏற்பவர் யார் என்றும் கேட்க வேண்டும். உலை குறையும்போது கடைசியாக உண்பவள் பெண். ஊரணி வற்றிய பின்னர்க் குடத்துடன் நெடுந்தொலைவு நடப்பவளும் அவளே. முதலில் அடகுக்குப் போகும் நகை அவள் தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்தது. மகளிர் குழுவில் வாங்கிய கடனுக்கு மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் தவணை கட்ட வேண்டியவளும் அவளே. குடும்பம் தாக்குப் பிடித்தது என்று நாம் பெருமையோடு சொல்லும்போது, அதில் பெரும்பகுதி அவள் உடம்பின் மீது எழுதப்பட்ட கணக்கு என்பதை மறக்கலாகாது.

அரசுகள் இந்தக் கோட்டை எப்போது கண்டுகொண்டன? தாது வருடத்துப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொன்ன 1876-78 பெரும்பஞ்சத்தில், நிவாரண வேலைக்கு வந்தவனுக்கு நாளொன்றுக்கு ஒரு இராத்தல் தானியமும் சிறு காசும் போதும் என்று சர் ரிச்சர்ட் டெம்பிள் வகுத்தார். உயிரைக் கூடில் நிறுத்தவே போதாத கூலி அது. பிழைப்பைப் பற்றிய பேச்சே இல்லை. அந்தப் பேரழிவுக்குப் பின்னர் 1884-இல் வந்த உழவர் கடன் சட்டம், விதைக்கும் மாட்டுக்கும் அரசு கடன் தர வழி செய்தது. 'தக்காவி' என்று ஊரில் வழங்கிய கடன் இதுவே. உயிரோடு பிழைப்பையும் காக்க வேண்டும் என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்ட தொடக்கங்களுள் அது ஒன்று.

நம்மில் பலர் குடியேறியுள்ள மராட்டிய மண் இதில் ஒரு பாடம் கற்பித்தது. 1972-73-இல் அங்கே கடும் வறட்சி. மாநிலம் முழுவதும் சாலையும் ஏரியும் வெட்டும் வேலைகள் திறக்கப்பட்டன. கேட்டவனுக்கு வேலை என்னும் உறுதி பின்னர்ச் சட்டமாகி 1979 முதல் நடைமுறைக்கு வந்தது. 2005-இல் நாடு முழுமைக்கும் இயற்றப்பட்ட நூறு நாள் வேலைச் சட்டத்துக்கு அதுவே முன்னோடி. மராத்வாடாவில் அண்மைக் கால வறட்சிகளின்போது 'சாரா சாவணி' என்னும் தீவன முகாம்கள் திறக்கப்பட்டன. உழவன் தன் மாட்டை அங்கே ஓட்டிச் சென்று கட்டிவிட்டால், மழை வரும்வரை தீவனமும் நீரும் கிடைக்கும். மாட்டோடு மனிதனும் அங்கேயே தங்கியிருப்பான். 2016-இல் லாத்தூர் நகருக்கு இரயிலில் குடிநீர் சென்றதைச் செய்தித்தாள்கள் பெரிதாக எழுதின. அந்த முகாம்களைப் பற்றிப் படித்தோர் குறைவு. ஆயினும் மாடு விற்காமல் நின்ற வீடு ஒவ்வொன்றும் மறு ஆண்டு தானே எழுந்து நிற்க வல்லது.

தமிழகத்தில் 2017-இல் நெல்லுக்கும் பாசனப் பயிர்களுக்கும் ஏக்கருக்கு 5,465 ரூபாயும், மானாவாரிப் பயிருக்கு 3,000 ரூபாயும் இழப்பீடாக அறிவிக்கப்பட்டன. பயிர்க் காப்பீடும் உண்டு. 2016-இல் தொடங்கிய திட்டத்தின்படி அப்பருவத்து உணவுப் பயிருக்கு உழவன் கட்டுவது காப்புத்தொகையில் 1.5 விழுக்காடுதான். இவை நல்லவையே. ஆனால் காப்பீடு விளைச்சலை அளந்து பார்த்த பின்னர்த் தரப்படுவது. ஊரில் சில வயல்களை அறுத்து எடை போட்டு, அதனைப் பழைய சராசரியோடு ஒப்பிட்டு, குறைவு எவ்வளவு என்று கணக்கிட்ட பின்னரே பணம் புறப்படும். உழவனுக்கு முட்டுப்பாடோ மார்கழியிலேயே தொடங்கிவிடுகிறது. பணம் வரும்போது பசு போயிருக்கும். மேலும், வாய்ப்பேச்சில் குத்தகை பிடித்து உழுபவன் பெயர் அடங்கலில் இராது. இழப்பு அவனுக்கு, இழப்பீடு பட்டாவுக்கு. நிலமே இல்லாத கூலியாளுக்குக் காப்பதற்குரிய சொத்து தன் உடம்பு ஒன்றே. ஆகவே முதலில் ஊரை விட்டுப் போகிறவனும் அவனே.

இங்கேதான் நம் கதை வருகிறது. அன்று இரங்கூனுக்கும் இலங்கைக்கும் மலேயாவுக்கும், பின்னர்ப் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் நம்மவர் சென்றதற்குக் கல்வியும் உத்தியோகமும் மட்டும் காரணம் அல்ல. எத்தனையோ குடும்பங்களில் முதல் ஆள் இரயிலேறியது ஏதோ ஒரு மழை பொய்த்த ஆண்டின் பங்குனியில்தான். அவனை வழியனுப்பிய வீடு, வானத்தை நம்பாத வயல் ஒன்றை வெளியூரில் பிடித்துக்கொண்டது. மராத்வாடாவுக்கும் இராமநாதபுரத்துக்கும் ஒரே நாளில் மழை பொய்ப்பது அரிது. தொழிற்சாலைக்கும் அலுவலகத்துக்கும் பருவம் இல்லை. அந்தத் தொலைவே அவ்வயலின் வலிமை. நாம் அனுப்பிய மணியார்டர் என்னும் சிறு தாள், ஊரில் எந்தக் காப்பீட்டுக் கழகமும் கால் வைக்காத நாளில் பயிர்க் காப்பீடாக இருந்தது.

எல்லாப் புறப்பாடும் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். முன்பணம் வாங்கிக்கொண்டு செங்கற்சூளைக்கும் வடநாட்டு முறுக்குக் கம்பெனிகளுக்கும் போகிறவன், அந்த ஆண்டின் உழைப்பை முன்கூட்டியே விற்றுவிட்டுப் போகிறான். பீட் மாவட்டத்திலிருந்து கணவனும் மனைவியும் ஓர் அரிவாளாகக் கணக்கிடப்பட்டுக் கரும்பு வெட்டப் போவதும் அத்தகையதே. பிள்ளைகளின் படிப்பு வழியில் நின்றுவிடுகிறது. அது கோட்டைத் தாண்டிய புறப்பாடு. மழை பெய்தாலும் கடன் தீரும்வரை திரும்ப முடியாது. சம்பளத்தில் ஒரு பகுதியைத் தன் விருப்பப்படி ஊருக்கு அனுப்பும் வாய்ப்புப் பெற்ற நம்மைப் போன்றோர் நிலை வேறு. அதனால் நம் கடமையும் வேறு.

அந்தக் கடமையைப் பற்றி இரண்டு செய்திகளைச் சங்கத்துக் குடும்பங்களின் முன் வைக்க விரும்புகிறோம். முதலாவது, காலம். ஊரிலிருந்து கேட்கட்டும், அனுப்புவோம் என்று இருப்பது நம் வழக்கம். ஊராரோ, நகை போய், மாடும் போய், வேறு வழியே இல்லை என்றான பின்னர்தான் வாய் திறப்பர். மானம் என்று அதற்குப் பெயர். கண்மாய் நிறைந்ததா இல்லையா என்பது கார்த்திகை முடிவிலேயே தெரிந்துவிடும். சித்திரையில் அனுப்பும் பத்தாயிரத்தினும் மார்கழியில் அனுப்பும் ஐயாயிரம் பெரிது. முன்னது விற்றதற்கு ஆறுதல்; பின்னது விற்காமல் தடுப்பது. அதனை வைக்கோலுக்கு என்றோ, நகைக்கடன் வட்டிக்கு என்றோ, விதைக்கு என்றோ பெயர் சொல்லி அனுப்பினால் வாங்குவோருக்கும் கூச்சம் இராது. மழை நன்கு பெய்த ஆண்டிலும் ஒரு சிறு தொகை வரத்துக்கால் தூர் வாருவதற்கு என்று போகலாம். குடிமராமத்து என்னும் பழைய முறையை மாநில அரசு 2017-இல் மீண்டும் தொடங்கியது. ஆயினும் தன் ஊர்க் கால்வாயில் முள் மண்டியிருப்பதை முதலில் அறிபவர் ஊராரே.

இரண்டாவது, அறிவுரை. "அந்தப் பொட்டலைக் கட்டிக்கொண்டு ஏன் அழுகிறீர்கள்? விற்றுவிட்டு இங்கே வந்துவிடுங்கள்" என்று நகரத்து உறவினர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அன்பினால் சொல்வதே அது. நிலத்தைத் தெய்வமாக்கி, வேண்டாதவனையும் அதில் கட்டிப்போட வேண்டும் என்று நாம் வாதாடவில்லை. பிள்ளைகள் படித்து வேறு தொழிலுக்குப் போவது முறையே. ஆனால் நிலத்தை விற்பதானால் கண்மாய் நிறைந்த ஆண்டில், கூடி உட்கார்ந்து பேசி, நல்ல விலைக்கு விற்கட்டும். அது குடும்பத்தின் முடிவு. காய்ந்த கோடையில் விற்றால் அது வறட்சியின் முடிவு. எந்த முடிவை யார் எடுப்பது என்னும் உரிமையை வீட்டாரிடமே நிறுத்தி வைப்பதற்குத்தான் நம் பணம் போக வேண்டும்.

சிற்றப்பாவின் பசுவுக்கு அந்தத் தையில் வைக்கோல் வந்து சேர்ந்தது. விலை மிகுதிதான், அடுத்தடுத்து மும்முறை வாங்க வேண்டியிருந்தது. கிடேரி மறு ஆண்டு சினைப்பட்டது. இதனைப் பெருஞ்செயலாகச் சொல்லவில்லை. நம் சங்கத்தில் பல வீடுகள் இதைவிட மிகுதியாகச் செய்து, யாரிடமும் சொல்லாமல் இருக்கின்றன. வறட்சி இனியும் வரும். வானிலை மாறிவரும் இந்நாளில், பெய்தால் ஒரே நாளில் பெருவெள்ளமும் பொய்த்தால் நெடுங்கோடையுமாக வரும். ஐப்பசி பிறந்ததும் ஊருக்குப் பேசுவோர், நலம் கேட்டபின் கண்மாய் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்றும் ஒரு சொல் கேட்டுவைத்தல் நன்று.